மேஸ்திரிக்குத் தெரியாமல்

சட்டையின் இடது கைக்குள் அப்பாவின் கை நுழைய மாட்டேன் என்றது. மூத்தவள் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் இந்த மனிதருக்குச் சட்டை போட்டுவிடுவது லேசான காரியமாக இருந்ததில்லை.

"முதுகுப் பக்கம் கிழிச்சு விட்டுடு பாப்பா," என்றார் சித்தப்பா. "முதுகை யார் பாக்கப் போறா?"

"புதுச் சட்டை சித்தப்பா."

"அவரு என்ன, அளவு சரியில்லன்னு திருப்பிக் கொடுக்கப் போறாரா?"

அவள் கத்திரியை எடுத்து, கழுத்திலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக வெட்டினாள். சலவை ஆலையில் நாள் முழுக்க விரிப்பும் துவாலையும் மடித்துப் பழகிய கை அது. நல்ல துணியை வெட்டியதும் அவள் பல் கூசியது. இரண்டு பாதியையும் இரண்டு கையில் மாட்டி, முதுகுக்கு அடியில் செருகி, முன்னால் பொத்தானைப் போட்டாள். இப்போது அப்பா முழுச் சட்டை போட்டவர்போல் பெஞ்சில் படுத்திருந்தார்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டக், டக், டக். கிர்ர். சற்று ஓய்வு. மறுபடியும் டக், டக், டக்.

சித்தப்பா பல்லைக் கடித்தார். "அவன் இன்னும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் கெடக்கிறானா? அப்பன் இங்க, புள்ள அங்க. தலைமாட்டுல புடிக்க வேண்டியவன் தகரத்தை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தா, வந்தவங்க வாய் சும்மா இருக்குமா?"

"வருவான் சித்தப்பா."

"எப்ப? வண்டி வந்து ஆரன் அடிக்கும்போதா?"

அவள் அப்பாவின் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

உள்ளே கிடந்த தகரத்துக்குப் பெயர் மேஸ்திரி. பெயர் வைத்தவர் அப்பாதான்.

தம்பி கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவன். அம்மா போய், அப்பாவும் முழங்கால் தேய்ந்து கிடங்கு வேலையை விட்டபின், பகல் முழுவதும் வீட்டில் அவர் ஒற்றை ஆள். அக்காளும் தம்பியும் வேலைக்குப் போயே ஆகவேண்டும். அப்போதுதான் கடையில் தூக்கிப்போட்ட சாமான்களை வைத்து அவன் இதைச் செய்தான். படுக்கப்போட்ட ஒரு பழைய கணினிப் பெட்டி. அதற்கு அடியில் உடைந்த நாற்காலியின் உருளைச் சக்கரங்கள். அச்சு இயந்திரத்திலிருந்து கழற்றிய மோட்டார்கள் அதை இழுக்கும். மேசை விளக்கின் வளையும் கழுத்தில் ஒரு பழைய கேமரா. பக்கத்தில் ஒலிபெருக்கி ஒன்று. அதிலிருந்து தம்பியின் குரலே வரும். "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" "அப்பா, தண்ணி குடிங்க."

"பெத்த புள்ள குரல்ல ஒரு மேஸ்திரி," என்பார் அப்பா. "இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல?"

கேமரா மட்டமானது. முன்னறை வெளிச்சத்தில் அதற்கு அப்பாவும் ஒன்றுதான், ஆணியில் தொங்கிய குடையும் ஒன்றுதான். ஆகவே தம்பி அதற்கு அப்பாவின் வேலை அங்கியை அடையாளம் காட்டிவிட்டான். கிடங்கில் சுமைக்காரர்கள் எல்லாரும் போடுகிற, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அங்கி. அந்த நிறம் எங்கே தெரிகிறதோ அங்கே அப்பா. நிறம் நகர்ந்தால் நடக்கிறார். நாற்காலி உயரத்தில் நின்றால் உட்கார்ந்திருக்கிறார். தரையோடு தரையாகக் கிடந்தால் விழுந்துவிட்டார். உடனே தம்பியின் போன் அலறும். மற்றபடி மணிக்கு ஒரு சேதி போகும். படமெல்லாம் போகாது, வெறும் சேதிதான் என்று தம்பி அடித்துச் சொல்லியிருந்தான்.

"வேலையை விட்டாலும் அங்கி விடலையே என்னை," என்று அப்பா முதலில் சண்டை போட்டார். பிறகு சண்டையும் போடவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டு மூலையில் போட்ட மூட்டையாகக் கிடந்தார். சோற்றைப் பிசைவார், வைத்துவிடுவார். கொக்கி என்றால் கிடங்கில் தெரியாதவர் கிடையாது. மூட்டையில் கொக்கி போட்டு இழுக்கிற வேகத்துக்காக வந்த பெயர் அது. அந்தக் கொக்கியா இது என்று பார்க்க வந்தவர்கள் வாய்விட்டே கேட்டார்கள்.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அப்பா கதவருகிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒரு திருட்டுக் களை. "இங்க வா, இங்க வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியைக் காட்டினார். நாற்காலியில் ஒரு தலையணை உட்கார்ந்திருந்தது. தலையணைமேல் ஆரஞ்சு அங்கி. எதிரே மேஸ்திரி கழுத்தை நீட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றிருந்தது.

அது கிடங்கு வித்தை. அங்கே மேஸ்திரி மாடிக் கூண்டில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறத்தைத்தான் எண்ணுவான். இவர்கள் அங்கியைக் கழற்றி மூட்டை அடுக்கின்மேல் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போவார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு 'மூட்டைக்கு ஆஜர்' என்று பெயர்.

"காலம்பூரா கூண்டுல உக்காந்திருந்தவனுக்கே தண்ணி காட்டினவன்டி நான்," என்றார் அப்பா. "இந்தத் தகர டப்பா எனக்கு எம்மாத்திரம்?"

அம்மா போனபிறகு அவர் சிரித்து அவள் அன்றுதான் பார்த்தாள். டீக்கடைக்குப் போய்வந்திருக்கிறார். சீட்டு ஆட்டம் ஒன்று போட்டு ஜெயித்தும் வந்திருக்கிறார். "தம்பிகிட்ட மூச்சு விடாத" என்றார். விடமாட்டேன் என்றாள். அதோடு விட்டாளா? தள்ளி நின்று நாற்காலியைப் பார்த்துவிட்டு, "சின்னத் தலையணை குனிஞ்சாப்புல இருக்குப்பா. என் பெருசை எடுத்துக்கோங்க" என்று தன் தலையணையை வேறு எடுத்துக் கொடுத்தாள்.

இன்று காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கம் போனாள். குழாயடியில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். செருப்பு ஒன்று காலில், ஒன்று தள்ளி. அவள் குழாயை மூடினாள். முன்னறைக்கு ஓடினாள். அங்கிக்குள்ளிருந்த தலையணையை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்து அவர் தலைக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தாள். ஏன் முதலில் தலையணை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெறும் சிமெண்டில் தலை கிடந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தெரு மருத்துவமனையிலிருந்து வந்த நர்ஸ், "சட்டுன்னு போயிருக்கும்மா, கஷ்டமே தெரிஞ்சிருக்காது" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்கிற குரலில் சொன்னாள்.

தம்பி வந்தபோது அப்பாவை முன்னறைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். நாற்காலியில் துவண்டு கிடந்த அங்கியைப் பார்த்தான். அதன் எதிரே கழுத்தை நீட்டி நின்ற தன் இயந்திரத்தைப் பார்த்தான்.

"எங்க இருந்தாருக்கா?"

"குழாயடியில."

அதன் மின்கம்பியைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினான். கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அது முதல் இந்த டக் டக். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்: "காலையில இது என்ன பாத்துதுன்னு தெரியாம நான் வரமாட்டேன்."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தவர்கள் கழற்றிய செருப்பை வரிசைப்படுத்தினாள். ஏற்கனவே மடித்திருந்த துவாலையைப் பிரித்து மடித்தாள். தலையணையைப் பற்றி இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள். சொன்னால், ஆசையாகச் செய்த பொருளை அப்பாவும் அக்காளும் கூட்டாகச் சேர்ந்து முட்டாளாக்கினார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால், தன் கையால் செய்தது தன் அப்பனைக் காட்டிக்கொடுக்காமல் சாகவிட்டது என்று காலத்துக்கும் சுமப்பான். அம்மா சாவுக்கே ஒரு வருஷம் பேச்சு மறந்தவன் அவன். இருதலைக் கொள்ளி எறும்பாக அவள் அறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே போனாள். தம்பி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி மல்லாந்து கிடந்தது. சக்கரத்தைக் கழற்றி எறிந்திருந்தான். விரலெல்லாம் கறுப்பு மசகு. வயிற்றைப் பிளந்து எடுத்த டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நர்ஸ் அப்பாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோதும் இதே மாதிரிதான் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"தண்ணி குடிடா."

"வச்சுட்டுப் போ."

"தம்பி, அது வந்து..."

"அந்த டார்ச்சைப் புடி. இங்க இல்ல, இங்க."

பிடித்தாள். அவன் சிறு திருகு ஒன்றை இறுக்கினான். திருகு நழுவி விழுந்தது. தரையைத் தடவித் தேடினார்கள். கிடைத்தது. "நான் புடுங்கியிருக்கக் கூடாது," என்றான் அவன். "ஓடிக்கிட்டிருந்ததை அப்படிப் புடுங்கினா டிஸ்க்கைப் படிக்கிற முள்ளு போய்த் தட்டுல இடிக்கும். புத்தி கெட்டுப் புடுங்கிட்டேன். ஊரான் டிஸ்க்கெல்லாம் என்கிட்ட வாயைத் திறக்குது, இது திறக்கலை."

"திறந்து என்ன சொல்லப் போவுது? இங்க பாரு, நான் ஒண்ணு..."

"பாப்பா!" வெளியே சித்தப்பா குரல். "டீக்கடைக்காரர் வந்திருக்காரு, வா."

டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார், இடுப்பில் ஈரத்துண்டு. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் உடைந்தார்.

"காலையிலகூட வந்தாரும்மா. முதல் கூட்டம் கலைஞ்ச நேரம். ரெண்டு டீ. 'என்னய்யா கொக்கி, மேஸ்திரி லீவு கொடுத்துட்டாரா'ன்னு கேட்டேன். 'அவரு தலையணையை மேச்சுக்கிட்டிருக்காரு'ன்னாரு. கடையே சிரிச்சுது. 'சரி, போய்க் குளிக்கிறேன்'னு எந்திரிச்சாரு. வழக்கம்போல உங்க வீட்டுப் பின்பக்கச் சந்துல திரும்பினாரும்மா, நான் பாத்தேன்."

"தலையணையா?" என்றார் சித்தப்பா. "என்னய்யா தலையணை?"

டீக்கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெள்ளந்தியாகச் சொல்ல ஆரம்பித்தார். அங்கி, நாற்காலி, சந்து வழி, எல்லாவற்றையும். அப்பா அந்தக் கதையை எத்தனை முறை அங்கே சொல்லியிருப்பாரோ, மனிதர் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். சித்தப்பாவின் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"அட! அப்ப இது மேல குத்தமே இல்ல! எங்கண்ணன் அதுக்கு நாமம் போட்டிருக்காரு! இது தெரியாம இந்தப் பய உள்ள உக்காந்து உசிரை விடுறான். இருங்க, நானே போய் மண்டையில ஏத்துறேன்..."

அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் அவள் நாலே எட்டில் அவரைத் தாண்டி உள்ளறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள். கதவில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. உன் மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. அப்பா அங்கியைத் தலையணைக்கு மாட்டிட்டு வெளிய போவாரு. தினமும். எனக்குத் தெரியும். இன்னைக்கும் அதான். தலையணையை எடுத்தது நான்தான். அவரு தலைக்கு வச்சேன்."

தம்பி நிமிரவில்லை. ஒரு கம்பியின் நுனியைப் பல்லால் சீவித் துப்பினான்.

"பெரிய தலையணையா?" என்றான்.

"என்ன?"

"பெருசா, சின்னதா?"

"...பெருசு. என்னோடது."

"அதான். சின்னதுல தோள் நிக்காது. முத ரெண்டு நாளு தலை கவுந்த மாதிரியே இருந்துச்சு. அப்புறம் பாத்தா நிமிந்து உக்காந்திருக்கு. அக்காவும் கூட்டுச் சேந்துட்டாளாட்டம் இருக்குன்னு நினைச்சேன்."

அவள் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"படம் வராதுன்ன?"

"போனுக்கு வராது. உள்ள சேந்துகிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை எண்ணெய் விடுறேன்னு உக்காருவேனே, அப்ப பாப்பேன்." கம்பியைச் செருகினான். டக், டக். "முகத்தை அடையாளம் காட்ட எனக்குத் தெரியாதாக்கா? கடையில நல்ல கேமரா சும்மாக் கெடக்கு. மாட்டலை. மாட்டினா அவரு மறுபடியும் மூலையில போய்ப் படுத்துக்குவாரு. ஏமாத்துறதுக்கு ஒண்ணு இருந்தாத்தான் மனுசன் காலையில எந்திரிக்கிறாரு. அவரு எட்டடி பாஞ்சாரு, நான் பதினாறடி பாஞ்சேன். அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

வெளியே சித்தப்பா கதவைத் தட்டினார். இருவரும் திரும்பவில்லை.

"'உக்காந்திருக்கார்'னு சேதி வந்தா எனக்கு அன்னிக்கு வேலை ஓடும்," என்றான் தம்பி. "ஒரு எடத்துல ஒரு நாழி உக்காருற ஆளா அவரு? அப்படி வந்தா கிளம்பிட்டாருன்னு அர்த்தம். 'நடக்கிறார்'னு வந்தாத்தான் வீட்டுக்குள்ள இருக்காருன்னு அர்த்தம். இன்னைக்குக் காலையிலேருந்து உக்காந்திருக்கார், உக்காந்திருக்கார்னு வந்துகிட்டே இருந்துச்சு. பக்கத்து மேசைக்காரன்கிட்ட போனைக் காட்டினேன். எங்கப்பா இன்னைக்கு ஊரையே அளந்துட்டுத்தான் வருவாரு போலன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவன் கையிலிருந்த திருப்புளி தரையில் ஒரே இடத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

"நான் சிரிச்சப்ப அவரு எங்கக்கா இருந்தாரு? டீக்கடையிலயா, குழாயடியிலயா? எனக்கு அது தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

இவ்வளவு நேரம் கோளாறைத் தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"டீக்கடைக்காரர் வந்திருக்காரு. காலையில அங்க போயிருக்காரு. முதல் கூட்டம் கலைஞ்ச நேரமாம். ரெண்டு டீ குடிச்சாராம். எல்லாரையும் சிரிக்க வச்சாராம்."

"அப்ப முத சேதிக்கு டீக்கடை."

"ஆமா."

"அடுத்ததுக்கு?"

அவள் சொம்பின் விளிம்பைத் தடவினாள்.

அந்த நேரத்தில் சத்தம் மாறியது. டக் டக் நின்று, மெல்லிய ஒரு ரீங்காரம் பிடித்தது, கிணற்றுக்குள் வண்டு சுற்றுவதுபோல. சுவரோடு சாய்த்து வைத்திருந்த திரை வெளிச்சமானது. கட்டம் கட்டமாகப் படங்கள் மேலிருந்து இறங்க ஆரம்பித்தன.

"தொடாத. அசையாத. இந்தத் தடவை நின்னா இனி ஓடாது," என்றான். அவன் யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

இன்றைய படங்கள் அடியில் இருந்தன. ஆனால் அவன் விரல் நடுவிலேயே எதையோ அமுக்கிவிட்டது. படம் ஒன்று திரை முழுக்க விரிந்தது.

தலையணை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் அப்பா. பனியனோடு, முதுகை வளைத்து, செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் வைக்காமல் தூக்கியபடி நின்றிருந்தார். கேமராவை ஓரக்கண்ணால் பார்க்கிறார். வாயில் சுட்டுவிரல். யாரைச் சத்தம் போடாதே என்கிறார்? தலையணையைத்தான்.

முதலில் தம்பியின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அவள் கைநீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாக வந்தது. "செருப்பைப் பாரு, செருப்பைப் பாரு" என்றாள். "அந்தக் காலு, முட்டி வலின்னு சொல்லுவாரே, அதே காலு" என்றான் அவன். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தார்கள்.

வெளியே பேச்சு முழுக்க அடங்கிப்போயிற்று.

"உள்ள என்ன சிரிப்பு?" சித்தப்பா கதவை அறைந்தார். "ஏய், ரெண்டு பேருக்கும் மூளை கலங்கிடுச்சா? எழவு வீடுடா இது!"

தெருவில் ஆரன் கேட்டது. நீளமாக ஒரு தரம், குட்டையாக இரண்டு தரம். "வண்டி வந்தாச்சு! வண்டிக்காரருக்கு வேற எடத்துக்கும் போகணுமாம். கதவைத் திறங்க!"

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தம்பி முகத்தைப் புஜத்தில் துடைத்துக்கொண்டு படங்களை அடிவரை தள்ளினான். இன்றைய தேதி. ஒன்றன்கீழ் ஒன்றாக ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு.

"இதுல எங்கயாவது ஒரு ஓரத்துல அவரு தெரிஞ்சா போதும்," என்றான். "எப்ப உள்ள வந்தாருன்னு தெரிஞ்சா போதும். கடைசிப் படத்துல நீ இருப்பக்கா. தலையணையை எடுக்கிறது."

அவள் அந்தப் படத்தைத் திறக்காமலே பார்த்தாள். அந்த நேரத்தில் தன் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்க்க உலகத்தில் ஒருவரும் வேண்டாம். தன் தம்பியும் வேண்டாம். ஆனால் அவள் அடுத்துப் பேசியது அதற்காக அல்ல.

"சந்து வழியாத்தான்டா வருவாரு," என்றாள். "இது கண்ணுல படக் கூடாதுன்னுதானே அந்தச் சுத்து. நீ எத்தனை பாத்தாலும் தலையணைதான் இருக்கும்."

"ஒருவேளை..."

"நம்ம அப்பா எந்த மேஸ்திரிகிட்டயாவது கணக்கு ஒப்புவிச்சிருக்காராடா? எங்க போனேன், எப்ப வந்தேன்னு? அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. போனதும் அப்படித்தான் போயிருக்காரு. விடு."

தம்பியின் விரல் விசைமேல் இருந்தது. ரீங்காரம் ஒரு கணம் தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. ஆரன் அடித்தது.

"அமத்திட்டு வரவா?" என்றான் தம்பி.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும். நீ எந்திரி."

அவன் எழுந்தான். கால் மரத்திருந்தது, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவுக்கு வெளியே சித்தப்பா திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாடா" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

வண்டிக்காரர் உள்ளே வந்து பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார். "வாசல் குறுகல்ங்க. பெஞ்சோட வராது. கெட்டியா ஒரு விரிப்பு இருந்தா கொடுங்க, நாலு மூலையும் புடிச்சுத் தூக்கிடலாம்."

ஆலையில் உடன் வேலை செய்கிற பெண்கள் மதியம் கொண்டுவந்து கொடுத்திருந்த வெள்ளை விரிப்பு அலமாரியில் இருந்தது. அவள் எடுத்து உதறினாள். ஒரே உதறலில் அது கூடம் முழுக்க விரிந்து இறங்கியது. அப்பாவை ஒரு பக்கம் சாய்த்து அடியில் செலுத்தி, மறுபக்கம் சாய்த்து இழுத்தார்கள். கால்மாட்டில் சித்தப்பா ஒரு மூலை, டீக்கடைக்காரர் ஒரு மூலை. தலைமாட்டில் ஒரு மூலையைத் தம்பி பிடித்தான். மற்றதைப் பிடிக்க வண்டிக்காரர் கைநீட்டினார். "நீங்க கதவைத் திறந்து வைங்க" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

"தூக்கு," என்றார் சித்தப்பா.

மூட்டை தூக்கின உடம்பு. அவள் நினைத்ததைவிடக் கனத்தது. வாசலில் தோள் இடித்தது. "பையப் பைய" என்றார் யாரோ. தம்பியின் பக்கம் விரிப்பு வழுக்கியது. அவன் நின்று, கையை இன்னும் உள்ளே கொடுத்து, முறுக்கிப் பிடித்தான். படி இறங்கி, வண்டிக்குள் ஏற்றி, பலகையில் வைத்தார்கள்.

அவன் கையை எடுத்தபோதுதான் சித்தப்பா பார்த்தார். அப்பாவின் காதோரம், வெள்ளை விரிப்பில், கட்டை விரலும் மற்ற நான்கு விரலும் கன்னங்கரேலென்று பதிந்திருந்தன. முறுக்கிப் பிடித்த இடத்தில் இன்னொரு முறை, கொஞ்சம் இழுபட்டு.

"என்னடா இது? கையைக்கூடக் கழுவலையா? பாப்பா, வேற துணி எதாவது இருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வா. இப்படியேவா கொண்டு போறது?"

தம்பி தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். மறைக்க இடம் தெரியாதவன்போல் கால்சட்டையில் தேய்த்தான்.

அவள் வண்டிக்குள் ஏறினாள். எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று அவளுக்குத் தெரியும். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். டீக்கு வினிகர். இயந்திர மசகு பருத்தியில் ஏறினால் சுடுநீர்த் தொட்டியில் எத்தனை சுற்றுப் போனாலும் சாம்பல் நிறமாகத் தங்கிவிடும். அப்படிப்பட்டதை ஆலையில் தனியாக எடுத்து எறிந்துவிடுவார்கள்.

விரிப்பின் அந்த மூலையை எடுத்தாள். விரல்கள் பதிந்த பக்கம் உள்ளே போகும்படி ஒரு மடிப்பு மடித்தாள். இன்னொரு மடிப்பு. அதை அப்பாவின் கன்னத்தை ஒட்டி, தோளுக்கு அடியில் செருகினாள்.

"நேரமாச்சு சித்தப்பா," என்றாள். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

பிறகு மடிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தரம் நீவிவிட்டாள்.